கோடு போட்ட வீடு: வாசகர் கேள்வி, செம்பூர் அக்கா பதில்

வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கும்போது வரும் சிக்கல்களுக்கு, மும்பையில் சின்ன ஃபிளாட்டுகளுக்கு இருபத்தாறு வருடமாக இன்டீரியர் வரைபடம் போட்டு வரும் செம்பூர் அக்கா பதில் சொல்கிறார்.

அக்கா, கல்யாணில் வாங்கியிருக்கும் ஒன் பிஎச்கே ஃபிளாட்டை ஸ்வீட் ஹோம் 3டி-யில் நானே வரைந்தேன். பெட்ரூம் உள்ளளவு 10 அடிக்கு 10 அடி. டேப் வைத்து அளந்ததுதான். ஆனால் சாஃப்ட்வேர் 90.25 சதுர அடி என்று காட்டுகிறது. கட்டிலும் வார்ட்ரோபும் போட்டால் நடுவில் நடக்க ஓரடிதான் மிச்சம். அக்ரிமெண்ட்டில் கார்பெட் ஏரியா 415 சதுர அடி. எல்லா அறையையும் கூட்டினால் 370-கூட வரவில்லை. பில்டர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு வாசகி, கல்யாண்

பில்டரைத் திட்டுவதற்கு வேறு காரணம் நிறையக் கிடைக்கும், இதில் அவர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 90.25 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்பதரையை ஒன்பதரையால் பெருக்கிப் பாருங்கள்.

அந்த மென்பொருளில் சுவர் வரையும்போது நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் நடுவில் ஓடுகிறது. பத்தடி என்று நீங்கள் கொடுத்தது நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை. உங்கள் சுவர் தடிமன் ஆறு இன்ச். இந்தப் பக்கம் மூன்று இன்ச், அந்தப் பக்கம் மூன்று இன்ச் அறைக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சம் ஒன்பதரை அடி. உள்ளளவு பத்தடி வேண்டுமென்றால், இரண்டு பக்கச் சுவரிலும் பாதிப் பாதி சேர்த்து 10 அடி 6 இன்ச் என்று கொடுக்க வேண்டும். வரைந்து முடித்ததும், சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகம் வரை ஓர் அளவுக்கோடு போட்டுப் பாருங்கள். டேப்பில் வந்ததும் அதுவும் ஒத்துப்போனால் அடுத்த அறைக்குப் போகலாம். ஒரு அறையைச் சரிபார்க்காமல் அடுத்த அறைக்குப் போகாதீர்கள். சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், முதல் அறையின் தப்பு சமையலறை வரை நடந்து வரும்.

இனி கட்டில். ஆறரை அடிக் கட்டில், இரண்டடி ஆழ வார்ட்ரோப், பத்தடி அறை. ஒன்றரை அடி மிஞ்சும். அந்த ஒன்றரை அடியில், ஒன்றரை அடி அகலக் கதவு கட்டிலை உரசிக்கொண்டுதான் திறக்கும், நீங்கள் நிற்க இடம் இருக்காது. ஸ்லைடிங் கதவு போடுங்கள். இது சாஃப்ட்வேர் சிக்கல் இல்லை, மும்பைச் சிக்கல்.

415 சதுர அடி விஷயம். கொஞ்சம் வித்தியாசம் சரியாக வரைந்தாலும் இருக்கும். ரேரா என்னும் 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் விளக்கப்படி கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர் சேராது, குழாய்கள் ஓடும் டக்ட் சேராது, உங்களுக்கு மட்டுமான பால்கனி சேராது. ஆனால் வீட்டுக்குள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் சேரும். சாஃப்ட்வேரோ அறையின் தரையை மட்டும்தான் கணக்கு வைக்கிறது. ஐந்தரை இன்ச் தடுப்புச் சுவர் முப்பது அடி நீளம் இருந்தால் அதுவே கிட்டத்தட்ட பதினான்கு சதுர அடி சாப்பிடும். முதலில் நடுக்கோட்டுத் தப்பைத் திருத்துங்கள். அப்புறம் தடுப்புச் சுவர்களையும் கூட்டுங்கள். அதற்கப்புறமும் இடித்தால் வக்கீலைப் பாருங்கள். அக்ரிமெண்ட்டில் சதுர மீட்டரில் போட்டிருந்தால் 10.764-ஆல் பெருக்க வேண்டும். பத்தால் பெருக்கிவிட்டுச் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பில்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை அடியில் வைத்து அதன் மேலேயே வரைந்தேன். ஒரு மூலையில் சரியாக இருக்கிறது, இன்னொரு மூலையில் கோணலாகப் போகிறது. வெஸ்டர்ன் டாய்லெட், டைனிங் டேபிள் சைஸில் இருக்கிறது.
– ஒரு வாசகர், பாண்டுப்

டேபிள் சைஸ் டாய்லெட்டுக்குக் காரணம், படத்தை உள்ளே கொண்டுவரும்போது ஸ்கேல் கேட்டிருக்கும், நீங்கள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பீர்கள். படத்தில் நீளம் தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு வைத்து, அதன் உண்மையான நீளத்தைச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே நீளமான சுவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டரை அடி பாத்ரூம் கதவை வைத்து அளவு சொன்னால், அங்கே விழும் ஒரு இன்ச் பிசகு இருபத்தைந்து அடி ஹாலில் பத்து இன்ச்சாக வளர்ந்து நிற்கும்.

கோணலுக்குக் காரணம் வேறு. அது பிளானின் ஃபோட்டோ. யாரோ மேஜை மேல் காகிதத்தை வைத்து, சாய்ந்து நின்று, ஃபோனில் எடுத்திருக்கிறார்கள். அதை எந்த ஸ்கேலாலும் நிமிர்த்த முடியாது. பிடிஎஃப் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், படத்தை அறைகளின் வரிசை தெரிவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளவை நேரில் போய் டேப்பில் எடுங்கள். பிரௌச்சரில் இருக்கும் அளவு சில சமயம் பூச்சுக்கு முந்தின அளவாக இருக்கும். இரண்டு பக்கமும் அரை அரை இன்ச் பூச்சு ஏறினால் வார்ட்ரோப் உள்ளே போகாது.

அக்கா, தாராவியில் அப்பாவின் தச்சுப் பட்டறையில் உதவியாக இருக்கிறேன். கஸ்டமருக்குக் காட்ட ஸ்கெட்ச்அப் என்ற 3டி சாஃப்ட்வேர் பழகுகிறேன். மூன்று தொல்லை. மேஜையை நகர்த்தினால் சுவரும் கூடவே இழுபடுகிறது. பாத்ரூம் டைல்ஸ் திரையில் மினுக் மினுக்கென்று ஆடுகிறது. டிராயர் கைப்பிடியின் முனையை உருட்டினால் ஓட்டை விழுகிறது. அப்பா, "பென்சிலில் போடுடா, ஓட்டை விழாது" என்கிறார்.
– ஒரு இளைஞர், தாராவி

உன் அப்பா மாதிரிதான் என் அப்பாவும் பேசுவார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தவர்.

மேஜை விஷயம் ஸ்கெட்ச்அப்பின் பிறவிக் குணம். அதில் ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பொருளை வரைந்து முடித்ததும், அடுத்த பொருளைத் தொடுவதற்கு முன்னால், மூன்று முறை கிளிக் செய்து முழுசாகப் பிடித்து குரூப் ஆக்கிவிடு. ஒரே மாதிரி ஆறு டிராயர் என்றால் குரூப் வேண்டாம், காம்பொனென்ட் ஆக்கு. ஒன்றைத் திருத்தினால் ஆறும் திருந்தும். பட்டறையில் நீ பலகையை அறுத்ததும் ஓரமாக அடுக்கி வைக்கிறாயே, அதே பழக்கம்தான். ஏற்கெனவே ஒட்டிப்போனதைப் பிரிக்க மெனக்கெடாதே. அந்த மேஜையை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு, நேரம் மிச்சம்.

டைல்ஸ் ஆடுவது ஏனென்றால், சுவரின் முகமும் டைல்ஸின் முகமும் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருக்கின்றன. எதை முன்னால் காட்டுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, மாற்றி மாற்றிக் காட்டுகிறது. நிஜத்தில் டைல்ஸுக்குத் தடிமன் உண்டு. 8 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடு, ஆட்டம் நிற்கும். முழு வீடுமே ஆடுகிறது, கிட்டே போனால் சுவர் வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்றால் வேறு வியாதி. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் ஃபைலைக் கொண்டுவந்தபோது, உன் வீடு அச்சுப்புள்ளியிலிருந்து, அதாவது மூன்று வண்ணக் கோடுகள் கூடும் இடத்திலிருந்து, பல கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கும். ஷிஃப்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்து. வீடு ஒரு மூலையில் புள்ளியாகத் தெரிந்தால், மொத்தத்தையும் பிடித்து மூன்று வண்ணக் கோடுகள் கூடும் இடத்துக்குக் கொண்டுவா. கொண்டுவரும்போதே இன்ச்சா மில்லிமீட்டரா என்று ஆப்ஷனில் பார்த்துக்கொள். மாற்றிக் கொடுத்தால் வீடு 25.4 மடங்கு பெருக்கும், இல்லையென்றால் தீப்பெட்டியாகிவிடும்.

கைப்பிடியில்தான் உண்மையான நுணுக்கம் இருக்கிறது. ஸ்கெட்ச்அப், ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் வளைவை நிறையத் துண்டாக உருட்டும்போது, சில துண்டுகள் அந்த அளவுக்கும் கீழே போய்விடுகின்றன. கோடு மறைகிறது, கோடு மறைந்தால் முகம் மறைகிறது, அதுதான் உன் ஓட்டை. கைப்பிடியை நூறு மடங்கு பெரிதாக்கி, அங்கே உருட்டி முடித்து, திரும்ப நூறில் ஒன்றாகச் சுருக்கு. ஏற்கெனவே உருவான முகம் சுருக்கும்போது மறையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு மில்லிமீட்டர் உருட்டலைக் கஸ்டமர் எங்கிருந்து பார்க்கப்போகிறார்? முனையைச் சும்மா விடு.

அப்பாவிடம் இதையும் காட்டு. மில்லிமீட்டர் திரையில் எழுதினால் அவருக்குக் கோபம் வரும். நம் தச்சர்களுக்கு இன்ச்சில் எட்டில் ஒரு பாகம் ஒரு நூல். இங்கே இந்தி பேசும் மிஸ்திரிகள் அதையே சூத் என்பார்கள், அதுவும் நூல்தான். மாடல் இன்ஃபோவில் யூனிட்ஸ் போய் இன்ச், ஃப்ராக்‌ஷனல், எட்டில் ஒன்று என்று வைத்தால் திரையில் நூல் கணக்கிலேயே வரும். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஐந்து நூலுக்கும் ஆறு நூலுக்கும் நடுவில் விழும் என்பதால், அதை மட்டும் எப்போதும் மில்லிமீட்டரிலேயே கொடு. திரையில் முன்னால் அலையடிக் குறி வந்தால், முழுசாக்கிக் காட்டுகிறேன் என்று அர்த்தம், பயப்படாதே.

அம்மா, ரிட்டயர்ட் ஆனபின் பொழுதுபோக்காக மாடுலர் கிச்சன் வரைந்தேன். கார்ப்பென்டர் பிரிண்ட் கேட்டார், ஏ4-இல் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எந்த அளவும் ஒத்துவரவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பிரிண்ட் எடுக்கும் பெட்டியில். அங்கே "ஃபிட்" என்று ஒன்று தானாகவே டிக் ஆகியிருக்கும். காகித விளிம்பில் இடம் விடுவதற்காக வரைபடத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள்.

இது எனக்கு நடந்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முலுண்டில் ஒரு சமையலறை. ஒன்றுக்குப் பத்து ஸ்கேலில் ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு, வரைந்து பிரிண்ட் கொடுத்தேன். எல்லா அளவும் எழுதியிருந்தேன், ஓட்டாவுக்கு, அதாவது சமையல் மேடைக்கு, கீழே வரும் ஷட்டர் அகலத்தைத் தவிர. மிஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாராம். காகிதத்தில் ஸ்கேல் வைத்தார். 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்றரை. பத்தால் பெருக்கி 435-க்கு அறுத்துவிட்டார். 450 வேண்டிய இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. ஒன்றல்ல, ஏழு ஷட்டர். லேமினேட்டும் ஒட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை நான் போனபோது ஒவ்வொரு ஷட்டருக்கு நடுவிலும் விரல் போகும் சந்து. எட்டுக்கு நாலு ஷீட்டும் லேமினேட்டும் என் காசு. மிஸ்திரி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சுருக்கியது நான்தான்.

அன்றிலிருந்து என் எல்லா வரைபடத்திலும் கீழ் மூலையில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று இருக்கும். பிரிண்ட் வந்ததும் அதன் மேல் ஸ்கேல் வைப்பேன். 97 காட்டினால் காகிதம் குப்பைக்கு. நீங்களும் போடுங்கள். கூடவே, "காகிதத்தை அளக்காதே, எழுதியதைப் பார்" என்று இந்தியில் ஒரு வரி. ஒன்றுக்கு ஐம்பதில் ஏ4 தாள் கிட்டத்தட்ட 14.8 மீட்டருக்கு 10.5 மீட்டர் பிடிக்கும், நம் ஃபிளாட்டுகளுக்கு அது தாராளம். ஷட்டர், டிராயர் மாதிரி விவரங்களுக்கு ஒன்றுக்குப் பத்து.

3டி பக்கம் முழுக்க சாம்பல் நிறம். ஒன்றுமே தெரியவில்லை. நேற்று வரை நன்றாக இருந்தது.
– ஒரு வாசகர், ஐரோலி

நேற்று ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் உங்கள் மென்பொருளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். பிரௌசரில் ஓடும் மென்பொருள் என்றால், பிரௌசரின் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் செய்வதற்கு முன்னால் கேமரா சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எனக்கு வரும் சாம்பல் புகார்களில் பல அதுதான்.

எங்கள் சமையலறை ஜன்னல் நேர் வடக்கு. ஸ்வீட் ஹோம் 3டி-யில் ஜூன் மாதம் வைத்து ஃபோட்டோ எடுத்தால் காலையில் அடுப்பு மேல் வெயில் விழுகிறது. வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சாஃப்ட்வேர் தப்பா?
– ஒரு வாசகி, முலுண்ட்

இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். சாஃப்ட்வேர் சரி, "எல்லோரும்" தப்பு. வடக்கில் வெயில் வராது என்பது டெல்லிக்கு ஓரளவு பொருந்தும், அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். மும்பை கிட்டத்தட்ட 19 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, கடக ரேகைக்குத் தெற்கே. மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நடுப்பகல் சூரியனே நம் தலைக்குச் சற்று வடக்கே போகிறது. அதோடு, மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் நேர் கிழக்கு மேற்கில் இல்லை, வடக்கே ஒதுங்கி. அதனால் காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் வரும். டிசம்பரில் ஒரு சொட்டுக்கூட வராது. எதிரே இருபது மாடிக் கட்டடம் இருந்தால் எப்போதுமே வராது. அதையும் ஒரு பெட்டியாக வரைந்து வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த மென்பொருளில் திசைகாட்டியை இருமுறை கிளிக் செய்து, ஊரும் நேர மண்டலமும் நமக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால் வேறு ஊர் வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வடக்கையும் ஃபோன் காம்பஸை வைத்துத் திருப்புங்கள், பிளான் தாளின் மேல்பக்கம்தான் வடக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, சாஃப்ட்வேரில் 12 மணி வைத்துவிட்டு சூரியன் உச்சியில் இல்லையே என்று திகைக்க வேண்டாம். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, மும்பை அதற்கு மேற்கே தள்ளி இருப்பதால் இங்கே ஜூனில் உச்சி வெயில் பன்னிரண்டரைக்கு மேல்தான். எல்லாம் சொன்னாலும் ஜூன் பாதியில் மழை வந்துவிடும். அப்புறம் அடுப்பு மேல் விழுவது வெயில் இல்லை, ஜன்னல் வழியே சாரல்தான். அதை எந்த மென்பொருளும் காட்டாது, ஜன்னலுக்கு மேல் ஒரு சஜ்ஜா, அதாவது சன்ஷேட், போடுங்கள்.

ஆட்டோகேடில் தமிழில் "பூஜை அறை" என்று எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது.
– ஒரு வாசகர், சயான் கோலிவாடா

எஸ்எச்எக்ஸ் என்ற பழைய எழுத்துருவில் எழுதுகிறீர்கள், அதில் தமிழ் கிடையாது. ஸ்டைல் கட்டளை கொடுத்து எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மூன்று மணி நேர வேலை, கரண்ட் போய்விட்டது. போச்சா?
– ஒரு வாசகி, அம்பர்நாத்

ஆட்டோகேட் என்றால் முழுசாகப் போயிருக்காது. மாற்றாமல் விட்டிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டெம்ப் ஃபோல்டரில் பெயரின் முடிவில் எஸ்வி டாலர் (.sv$) என்ற வாலோடு ஒரு பிரதி எடுத்திருக்கும். அந்த வாலை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறங்கள். கடைசியாகச் சேவ் செய்ததற்கு முந்தினது பிஏகே என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். ஸ்வீட் ஹோம் 3டி-யும் திரும்பத் திறக்கும்போது மீட்டுத் தரும், பிரிஃபரன்ஸில் அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால். இல்லையென்றால் ஒரு டீ போட்டுக்கொண்டு திரும்ப வரையுங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அக்கா, உங்கள் வீட்டை நீங்களே வரைந்தீர்களா? எப்படி இருக்கிறது?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

நானேதான். ஒவ்வொரு அளவும் மூன்று முறை பார்த்து வரைந்தேன். ஃப்ரிட்ஜை நைசாக மூலையில் ஒரு சந்தில் பொருத்தினேன், இரண்டு பக்கமும் ஒரு இன்ச் விட்டு. மாடலில் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது, அது வெறும் பெட்டி. நிஜ ஃப்ரிட்ஜில் கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் கீழே காய்கறி டிரே வெளியே வரும். சுவர் இடிக்கிறது. பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் வெண்டைக்காய் எடுக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜை முன்னால் இழுப்பார், நான் டிரேயை உருவுவேன்.